எக்காளம் ஒலித்தது; நிலம் திரும்பவில்லை
(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பொன்விழா என்றதும் நம் கண்முன் நிற்பவை எவை? கொடியேற்றம், தேர்ப்பவனி, வண்ண விளக்கு, விழா மலர். இவை யாவும் வேண்டியவைதாம். ஆனால் ஐம்பதாம் ஆண்டை முதன்முதலில் விழாவாகக் கொண்டாடச் சொன்ன லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைச் சற்றுத் திறந்து பாருங்கள். அங்கே விளக்கு அலங்காரம் இல்லை. அங்கே முதன்மையாக இருப்பவை இரண்டு கட்டளைகள். ஒன்று, நாடெங்கும் எக்காளம் ஊதி விடுதலையை அறிவிக்க வேண்டும். மற்றொன்று, வறுமையால் கைமாறிய நிலம் பழைய உரிமையாளனிடம் திரும்ப வேண்டும். கடனால் அடிமையானவன் தன் வீடு போய்ச் சேர வேண்டும். எக்காளம் ஊதுவது ஒரு நாள் வேலை. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் கடினமான வேலை.

"விடுதலையும் சமத்துவமும்" என்ற தலைப்பில் பேசும்படி விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பொதுவாகப் பேசினால் கேட்க இனிமையாக இருக்கும். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும். ஆகையால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். அது தென்னாப்பிரிக்கா. அந்த நாடு நமக்கு அந்நியமன்று. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற "ட்ரூரோ" என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை இவ்வாறு போனவர்கள் 1,52,000 பேர். அவர்களில் தமிழர் ஏராளம், கிறிஸ்தவர்களும் இருந்தனர். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று உயிர் நீத்ததும் அந்த மண்ணின் போராட்டத்தில்தான்.

எக்காளம் ஒலித்த நாள்

1994 ஏப்ரல் 27. விடியும் முன்னரே வாக்குச் சாவடிகளின் முன் மைல் கணக்கில் மக்கள் வரிசை. எழுபது, எண்பது வயது மூதாட்டிகள் வாழ்க்கையில் முதல் முறையாக வாக்களிக்க நின்றார்கள். நேற்றுவரை எஜமானியாக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணியும் அவர் வீட்டு வேலைக்காரியும் ஒரே வரிசையில் காத்திருந்தார்கள். 1 கோடியே 95 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். மே 10ஆம் நாள், 27 ஆண்டுகள் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். உள்நாட்டுப் போர் மூளும் என்று உலகம் அஞ்சிய ஒரு நாட்டில் வாக்குச் சீட்டு வென்றது. இதைக் காட்டிலும் பெரிய எக்காளம் நம் காலத்தில் ஒலித்ததில்லை எனலாம்.

ஆனால் அந்தப் புதிய அரசுக்குக் கிடைத்த முதுசொம் என்ன? 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 சதவீதத்தையே ஒதுக்கியது. 1936இல் அது 13 சதவீதமாக உயர்த்தப்பட்டது. நாட்டின் பெரும்பான்மையோருக்கு அவ்வளவுதான். 1950ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனிப் பகுதிக்குத் துரத்தியது. டர்பனுக்கு வெளியே சாட்ஸ்வர்த் என்ற இந்தியர் குடியிருப்பு உருவானது அப்படித்தான். கல்வி, வேலை, மருத்துவம் யாவும் தோலின் நிறத்தைப் பார்த்தே அளந்து கொடுக்கப்பட்டன. அத்துடன் பழைய அரசு வாங்கிய பெருங்கடனும் புதிய அரசின் தலையில் விழுந்தது. தன்னைச் சிறையில் அடைத்தவன் பட்ட கடனுக்கு, சிறையிலிருந்து வந்தவன் வட்டி கட்ட வேண்டிய நிலை! 1990களின் பிற்பகுதியில் அரசுச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வட்டிக்கே போயிற்று. இக்கடனைத் தள்ளுபடி செய்யக் கோரி 1998இல் அங்கே எழுந்த இயக்கம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? "யூபிலி 2000". லேவியராகமம் அந்த மக்களுக்குப் பழைய ஏடாகத் தோன்றவில்லை.

பாதை மாறியது

1994இல் அரசு "மறுசீரமைப்பு மேம்பாட்டுத் திட்டம்" என்ற ஒன்றை அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் 10 லட்சம் வீடுகள். வெள்ளையர் கையிலிருந்த விளைநிலத்தில் 30 சதவீதம் மறுபங்கீடு. தண்ணீர், மின்சாரம், மருத்துவம். இத்திட்டத்துக்கெனத் தனி அமைச்சகமும் இருந்தது. 1996இல் அது மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் நிதியமைச்சர் ட்ரெவர் மானுவேல் புதியதொரு கொள்கையை முன்வைத்தார். அதன் பெயர் "வளர்ச்சி, வேலைவாய்ப்பு, மறுபங்கீடு". பெயரில் மறுபங்கீடு இருந்தது. ஆனால் வரிசையில் கடைசியாக இருந்தது.

அரசு ஏன் இப்படிச் செய்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கருவூலத்தில் அந்நியச் செலாவணி மிகக் குறைவு. 1996 தொடக்கத்தில் ராண்ட் நாணயத்தின் மதிப்புச் சரிந்தது. சோவியத் யூனியன் 1991லேயே கலைந்துவிட்டது. முதலீட்டாளர் பயந்து ஓடிவிட்டால் நாடு திவாலாகும் என்று ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். ஆகவே பற்றாக்குறையைக் குறைத்தார்கள். இறக்குமதிச் சுங்கத்தை இறக்கினார்கள். பணம் வெளிநாடு செல்வதற்கிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். சந்தை வளரும், 2000ஆம் ஆண்டுக்குள் வளர்ச்சி ஆண்டுக்கு 6 சதவீதமாகும், ஆண்டுதோறும் 4 லட்சம் புதிய வேலைகள் பிறக்கும் என்று கணக்கிட்டார்கள்.

கணக்கு என்னவாயிற்று? பற்றாக்குறை குறைந்தது, விலைவாசி உயர்வும் தணிந்தது. இவை சாதனைகளே. ஆனால் 1996 முதல் 2000 வரை சராசரி வளர்ச்சி 3 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நிலையான வேலைகள் பெருகுவதற்கு மாறாகக் குறைந்தன. கதவைத் திறந்தால் முதலீடு உள்ளே வரும் என்றார்கள். அதே கதவு வழியாக 1999இல் ஆங்கிலோ அமெரிக்கன் போன்ற பெருநிறுவனங்கள் தங்கள் தலைமையிடத்தை லண்டனுக்கு மாற்றிக்கொண்டன. 2004 முதல் 2007 வரை பொருளாதாரம் 5 சதவீத அளவில் வளர்ந்த நல்ல நாள்களிலும் வேலையின்மை 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை.

பழைய வாசல், புதிய காவலாளி

சகோதர சகோதரிகளே, புள்ளிவிவரம் போதும். மக்கள் வாழ்க்கையில் இது எப்படி நுழைந்தது என்று பார்ப்போம். பழைய ஆட்சியில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலாளி நின்று "உன் நிறம் என்ன?" என்று கேட்டான். 1994இல் அவன் விலக்கப்பட்டான். அவன் இடத்தில் வேறொருவன் வந்து நின்று, "உன் கையில் பணம் எவ்வளவு?" என்று கேட்டான். முன்னூறு ஆண்டுகளாகக் கொள்ளையிடப்பட்டவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன விடை வரும்? கேள்வி மாறியது, வெளியே நின்றவர்களில் மிகப் பலர் மாறவில்லை.

முதலில் வீடு. அரசு கட்டிய வீடுகள் ஒன்றிரண்டல்ல. இதுவரை 30 லட்சத்துக்கும் மேல். மிகப் பெரிய பணிதான். ஆனால் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று மானியம் வரையறுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொகைக்குள் நிலம், சாலை, குழாய், சுவர், கூரை அனைத்தும் அடங்க வேண்டும். எங்கே நிலம் மலிவு? நகரத்துக்கு வெகு தொலைவில், பழைய ஆட்சி கறுப்பின மக்களைத் தள்ளிவைத்த அதே ஓரங்களில். இனவெறி அரசு சட்டம் போட்டு வரைந்த வரைபடத்தைச் சந்தை விலை போட்டு மறுபடி வரைந்தது. வீடு கிடைத்தவர் வேலைக்குப் போகும் வேன் கட்டணத்துக்கே கூலியில் பெரும் பங்கைக் கொடுத்தார்.

அடுத்துப் பள்ளி. வெள்ளையர் மட்டும் படித்த நல்ல பள்ளிகளின் கதவு எல்லா நிறத்தாருக்கும் திறந்தது. ஆனால் 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டப்படி பள்ளி நிர்வாகக் குழு கட்டணம் விதிக்கலாம். கட்டக்கூடிய கறுப்பின, இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் உள்ளே போனார்கள். மற்றவர்கள் பழைய தகரக் கூரைப் பள்ளியிலேயே இருந்தார்கள். ஏழைப் பகுதிப் பள்ளிகளில் கட்டணத்தை நீக்கும் ஏற்பாடு வர 2007 ஆயிற்று. கட்டணம் போயிற்று, தரத்தின் ஏற்றத்தாழ்வு போகவில்லை.

பிறகு வேலை. டர்பன் நகரின் ஆடைத் தொழிற்சாலைகளில் இந்திய வம்சாவளிப் பெண்கள் பல்லாயிரவர் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். சுங்கம் குறைந்து மலிவான இறக்குமதித் துணிகள் குவிந்தபோது தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலை போனவர்களால் நகராட்சிக் குடியிருப்புக்கு வாடகை கட்ட முடியவில்லை. சாட்ஸ்வர்த்தில் 1990களின் இறுதியில் தண்ணீர் துண்டிக்கப்பட்டது. குடும்பங்களைத் தெருவில் இறக்கும் ஆணைகள் வந்தன. விடுதலைப் போரில் பங்கெடுத்த ஃபாத்திமா மீர் அம்மையார் முதிய வயதில் அவர்களுடன் நின்றார். கறுப்பின அண்டை வீட்டாரும் இந்திய வீட்டாரும் சேர்ந்து வாசலை மறித்தார்கள். இந்தியர் என்று பிரித்துப் பேசியவர்களுக்கு, "நாங்கள் ஏழைகள், அதுவே எங்கள் பெயர்" என்ற பொருள்பட அங்கிருந்த பெண்கள் பதில் சொன்னார்கள். பிரித்து வைத்த சட்டம் செய்யாத ஒற்றுமையைப் பசி செய்தது.

கடைசியாகத் தண்ணீர். இதை மட்டும் நீங்கள் மறக்கக்கூடாது என்று வேண்டுகிறேன். குவாசூலு நட்டால் மாநிலத்தில் எம்பங்கேனி நகரை அடுத்த கிராமப்புறத்தில், வறட்சிக் காலம் முதல் பொதுக்குழாயில் இலவசமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. செலவை மக்களிடமே வசூலிக்க வேண்டும் என்ற கொள்கை வந்தது. முன்பணம் செலுத்தி அட்டை வாங்கினால்தான் குழாய் திறக்கும். இணைப்புக் கட்டணம் 51 ராண்ட். அதுவும் இல்லாதவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார்கள். 2000 ஆகஸ்டில் அங்கே வாந்திபேதி வெடித்தது. கொள்ளைநோய் மாநிலமெங்கும் பரவி 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோயாளிகளுக்கு மருத்துவம் செய்ய ஆன செலவு, தண்ணீரில் மிச்சம் பிடித்த காசைப் போலப் பல மடங்கு. ஏழையிடம் மிச்சம் பிடிக்கும் கணக்கு கடைசியில் கணக்காகவே தேறுவதில்லை.

மக்கள் சும்மா இருக்கவில்லை

இத்துடன் நிறுத்தினால் உண்மையின் பாதியைத்தான் சொன்னவன் ஆவேன். அந்த மக்கள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அவர்களிடம் 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இருந்தது. வீடு, மருத்துவம், உணவு, தண்ணீர் ஆகியவற்றைப் பெறும் உரிமையை அது ஏட்டில் எழுதி வைத்திருந்தது. ஏட்டில் இருப்பதைக் கேட்டு வாங்கப் புறப்பட்டார்கள்.

கேப் டவுன் அருகே வாலஸ்டீன் என்ற இடம். 1999இல் குளிரும் மழையுமான பருவத்தில், 390 பெரியவர்களும் 510 குழந்தைகளும் குடிசைகளிலிருந்து விரட்டப்பட்டு விளையாட்டுத் திடலில் பிளாஸ்டிக் விரிப்பின்கீழ் கிடந்தார்கள். அவர்களில் ஒருவரான ஐரீன் குரூட்பூம் என்ற பெண்ணின் பெயரால் வழக்கு நடந்தது. 2000 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம், கூரையே இல்லாதவர்களை மறந்துவிட்டு வகுக்கப்படும் வீட்டுத் திட்டம் அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. உலகச் சட்டக் கல்லூரிகளில் இன்று அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் 2008இல் தமக்கென நல்ல வீடு கிடைக்காமலேயே கண்மூடினார். தீர்ப்பு ஓர் எக்காளம். வீடு வேறு.

2002இல் எய்ட்ஸ் நோயுற்ற தாயிடமிருந்து சிசுவுக்கு நோய் பரவாமல் தடுக்கும் மருந்தைப் பொது மருத்துவமனைகளில் கொடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது. வாந்திபேதிக்குப் பின் 2001 ஜூலை முதல் குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் தண்ணீர் இலவசம் என்பது நாடு முழுவதற்குமான கொள்கையானது. அது போதாது என்று சொவெட்டோவின் ஃபிரி பகுதிப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள், 2009இல் தோற்றார்கள். எல்லா வழக்கிலும் ஏழை வென்றுவிடவில்லை.

1998இல் ஏழு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைக்கு மாதம் 100 ராண்ட் என்று தொடங்கிய உதவித்தொகை இன்று 18 வயது வரை, ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் குழந்தைகளைச் சென்றடைகிறது. 1996இல் பத்து வீடுகளில் ஏறக்குறைய ஆறில் மின்விளக்கு எரிந்தது. 2022 கணக்கெடுப்பில் ஒன்பதுக்கும் மேல். இவை யாவும் விடுதலையின் கனிகள். விடுதலையால் பயனேதும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆயினும், உலக வங்கியின் கணக்குப்படி உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடு தென்னாப்பிரிக்காதான். செல்வத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் மேல்தட்டுப் பத்துச் சதவீதத்தினரிடம் இருக்கிறது. 2020 முடிந்தது முதல் வேலையின்மை 30 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. கறுப்பினத்தில் ஒரு செல்வந்தர் வகுப்பு உருவாகியுள்ளது; ஆகவே இனங்களுக்கிடையே இடைவெளி ஓரளவு குறைய, ஒரே இனத்துக்குள் இடைவெளி கூடியது. ஜோகன்னஸ்பர்க்கில் சாண்ட்டன் மாளிகைகளும் அலெக்சாந்திரா குடிசைகளும் ஒரு நெடுஞ்சாலையின் இருபுறமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. குற்றம் சந்தையுடையது மட்டுமன்று. பொதுப் பணத்தைச் சூறையாடிய ஊழலும் உண்டு. 2018 முதல் 2022 வரை நீதிபதி ஸோண்டோ ஆணையம் அதை விசாரித்து அம்பலமாக்கியது. சந்தை ஏழையை மறந்தது. அரசில் சிலர் ஏழையின் பெயராலேயே திருடினார்கள்.

மரிக்கானா

2012 ஆகஸ்ட் 16. மரிக்கானா என்ற இடத்தில் பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்கள் மாதம் 12,500 ராண்ட் ஊதியம் கேட்டு ஒரு பாறைக் குன்றின்மேல் கூடியிருந்தார்கள். அதற்கு முந்தைய நாள்களில் காவலர்கள் உட்படப் பத்துப் பேர் வன்முறையில் இறந்திருந்தனர். அன்று போலீசார் சுட்டதில் 34 தொழிலாளர்கள் மாண்டனர். இது வெள்ளையர் ஆட்சியின் போலீஸ் அன்று. மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் போலீஸ். அந்தச் சுரங்க நிறுவனமான லோன்மின் தன் தொழிலாளருக்கு 5,500 வீடுகள் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. கட்டியவை மூன்று. மூவாயிரம் அல்ல, மூன்று. முன்பு சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை நிறுவிய தலைவர்களுள் ஒருவரான சிரில் ராமபோசா அப்போது அந்நிறுவன இயக்குநர்களில் ஒருவர். விசாரணை ஆணையம் அவரைக் குற்றவாளியாகக் காணவில்லை. 2018இல் அவர் குடியரசுத் தலைவரானார். யாரையும் பழிக்க இதைச் சொல்லவில்லை. குன்றின் அடியிலிருந்து புறப்பட்டவர் மேலே ஏறியபின் கீழே நிற்பவரின் குரல் அவருக்கு எவ்வளவு மெல்லியதாகக் கேட்கும் என்பதற்காகச் சொல்கிறேன். 2024 மே மாதத் தேர்தலில், முப்பது ஆண்டுகள் ஆண்ட கட்சி முதல் முறையாகப் பெரும்பான்மையை இழந்தது. வரிசையில் நின்று வாக்களித்த மக்கள் வாக்கினாலேயே பதில் சொன்னார்கள்.

திருச்சபைக்கும் பங்குண்டு

அந்நாட்டு ஆயர்கள் 1957லேயே இனஒதுக்கலைத் தன்னிலேயே தீமையானது என்று கண்டித்தார்கள். டர்பன் பேராயர் டெனிஸ் ஹர்லி அதில் முன்னின்றவர். ஆனால் நம் பள்ளிகள் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்க 1976 ஆயிற்று. அறிக்கைக்கும் கதவுக்கும் இடையே 19 ஆண்டுகள்! எக்காளத்துக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள தூரம் திருச்சபைக்குள்ளும் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். விடுதலைக்குப் பின்னும் ஆயர்கள் ஓய்ந்துவிடவில்லை. 1999இல் பொருளாதார நீதி குறித்து மேய்ப்புப்பணி அறிக்கை வெளியிட்டார்கள். நண்பர்கள் ஆட்சிக்கு வந்தபின் அவர்களிடமே கேள்வி கேட்பது, பகைவரிடம் கேட்பதைவிடக் கடினம். அதையும் செய்தார்கள்.

முடிவாக ஒன்று. சந்தை என்பது ஒரு கருவி. பண்டத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்க்க அதற்குத் தெரியும். ஆனால் நேற்று நடந்த அநீதி அதற்குத் தெரியாது. கையில் உள்ள காசு மட்டுமே தெரியும். ஆகவே பழைய அநீதியைச் சரிசெய்யாமல் சந்தையைத் திறந்துவிட்ட இடத்தில் அது அந்த அநீதியையே விலைப்பட்டியலாக மாற்றி எழுதும். அதைத் திருத்த வேண்டியவர்கள் மனிதர்களே: சட்டம் இயற்றுபவர், வழக்குத் தொடுப்பவர், வாக்களிப்பவர், வாசலில் நின்று மறிப்பவர்.

நம் பொன்விழா நாளில் எக்காளம் நன்றாகவே ஒலித்தது. மேளமும் வாணவேடிக்கையும் பக்கத்து ஊர்வரை கேட்டன. இனி நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோம்: நம் கைக்கு வந்து சேர்ந்தவற்றுள் யாருக்கோ திரும்ப வேண்டியது ஏதேனும் உண்டா? நம் தெருவில் குடத்தோடு ஓடைக்குப் போக வேண்டிய நிலையில் யாராவது இருக்கிறார்களா? விடை தேடத் தொடங்கினால், நாம் கொண்டாடியது உண்மையாகவே யூபிலிதான்.